அடுத்த ஆவர்த்தனம் திரையில் வரும்: நேரடி இசைக்குறிப்புக்கு எந்த வழி நல்லது?

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு நண்பர் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிறு மாலைதோறும் ஏழு பேர் வாசிக்கக் கூடுகிறார்கள். நான் எட்டாவது ஆள், லேப்டாப்போடு ஓரமாக உட்கார்ந்திருப்பேன். கர்நாடக வயலின் ஒன்று, ஸ்டாஃப் நொட்டேஷன் (ஐந்து கோட்டில் எழுதும் மேற்கத்திய இசைக்குறிப்பு) படித்து வளர்ந்தவரின் வயலின் ஒன்று, செல்லோ, கிளாரினெட், மிருதங்கம், இரண்டு குரல். கிளாரினெட்காரர் கல்யாண பேண்டில் பல வருடம் வாசித்தவர். மிருதங்க அண்ணன் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறார். பாடுகிறவர்களில் ஒருவர் மாதா கோயில் பாடகர் குழுவில் இருப்பவர், இன்னொருவர் பாட்டு டீச்சர்.

எங்கள் பாட்டின் நடுப்பகுதி முன்கூட்டி எழுதப்படுவதில்லை. வயலின்காரர் ஒரு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு சுற்று, சுரம் போடுவார். அது எங்கே போய் நின்றது என்பதை நான் சின்னக் கீபோர்டில் நாலைந்து சுரமாகத் தட்டுவேன். அதிலிருந்து கணினி செல்லோவுக்கு ஒரு வரி, கிளாரினெட்டுக்கு ஒரு வரி, மிருதங்கத்துக்கு ஒரு கோர்வை (கணக்காக வந்து முடியும் தாளக்கட்டு) என்று கணக்குப் போட்டு அவரவர் திரைக்கு அனுப்பும். அந்த வரியை அவர்கள் அதற்கு முன் பார்த்ததே கிடையாது, பார்த்தவுடன் வாசிக்க வேண்டும். அடுத்த ஞாயிறு அதே பாட்டு வேறு மாதிரி வரும். நேரடி இசைக்குறிப்பு என்று நான் சொல்வது இதைத்தான். ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பல வருடமாகச் செய்கிற காரியம்தான் இது. 2015-இல் பாரிஸில் தொடங்கிய டெனர் மாநாடு இசைக்குறிப்புத் தொழில்நுட்பம் ஒன்றுக்காகவே கூடுகிறது.

இந்தப் பக்கம் இசை எழுதுகிற சிலர், 'இதற்கு எதைப் போட்டுக்கொள்வது?' என்று கேட்டார்கள். ஒரு வருடத்துக்கு மேல் ஐந்து வழிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டேன். என்னைப் போல அவர்களும் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

நான் செய்த பெரிய தவறு மென்பொருளிலிருந்து தொடங்கியது. வாசிப்பவரின் கண்ணிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

குறிப்பைப் பார்த்து வாசிக்கிறவருடைய கண், கையைவிட எப்போதும் கொஞ்சம் முன்னால் ஓடுகிறது. 1974-இல் ஜான் ஸ்லோபோடா என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் இதை அளந்தார். வாசித்துக்கொண்டிருக்கும்போதே குறிப்பை மறைத்துவிட்டு, அதற்குப் பிறகும் எத்தனை சுரத்தைச் சரியாக வாசிக்கிறார்கள் என்று எண்ணினார். தேர்ந்த வாசிப்பாளர்கள் ஆறேழு சுரம் வரை போனார்கள். தேர்ச்சி குறைந்தவர்கள் மூன்று நாலில் நின்றார்கள். திரையில் புது வரி வருகிறது என்றால், இந்த இடைவெளிக்கு முன்னாலேயே அது கண்ணில் பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் எவ்வளவு அழகாக வரைந்தாலும் பயனில்லை.

எங்கள் மாடியில் இதைச் சோதித்தோம். ஆதி தாளம், ஒரு சுற்றுக்கு எட்டு அட்சரம் அதாவது எட்டு எண்ணிக்கை, நிமிடத்துக்கு 60 அட்சரம். ஆக ஒரு ஆவர்த்தனம் 8 விநாடி. ஒரு முழு ஆவர்த்தனம் முன்னால் வரியைக் காட்டியபோது ஏழு பேரும் நிம்மதியாக வாசித்தார்கள். அரை ஆவர்த்தனம் என்றபோது செல்லோவும் இரண்டாவது வயலினும் சமாளித்தார்கள், கிளாரினெட்காரர் முகம் இறுகிவிட்டது. இரண்டு அட்சரம்தான் முன்னால் என்றபோது யாராலும் முடியவில்லை. சுரம் பிசகியதைவிட எனக்கு வலித்தது வேறு: ஒருவர் கூட மற்றவர் வாசிப்பதைக் கேட்கவில்லை, எல்லாரும் திரையையே வெறித்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு யோசித்தால், இந்த ஒரு ஆவர்த்தன இடைவெளி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. கற்பனைச் சுரத்தில் பாடுகிறவர் ஒரு ஆவர்த்தனம் பாட, வயலின் அதைக் கேட்டு உள்வாங்கி அடுத்த ஆவர்த்தனத்தில் திருப்பித் தருகிறது. காது கேட்டதைக் கை சொல்வதற்கு நம் மேடை எவ்வளவு நேரம் கொடுத்ததோ, கண் பார்த்ததைச் சொல்வதற்கும் அதே நேரம் போதுமானதாக இருக்கிறது.

இது முடிவானதும் பாதிக் குழப்பம் தீர்ந்தது. எட்டு விநாடி கையில் இருக்கும்போது, எந்த மென்பொருள் எத்தனை மில்லிவிநாடியில் வரைகிறது என்பது முக்கியமில்லை. திரையில் வரி எப்படி மாறுகிறது என்பதுதான் முக்கியம். வாசித்துக்கொண்டிருக்கும் வரி அசையவே கூடாது. எங்கள் திரையில் எப்போதும் இரண்டு வரி: மேல் வரியை வாசிக்கும்போது கீழ் வரி மாறும், கீழ் வரிக்கு வந்ததும் மேல் வரி மாறும். பார்க்கிற இடத்தில் எதுவும் குதிக்காது.

இரண்டாவது கேள்வி, உங்கள் ஆட்கள் எந்த எழுத்தைப் படிக்கிறார்கள் என்பது. எங்களில் மூன்று பேருக்கு ஸ்டாஃப், அதில் கிளாரினெட்டுக்கு மட்டும் இடம் மாற்றி எழுத வேண்டும். மற்றவர்களுக்குத் தமிழில் சரிகம. மிருதங்கத்துக்குச் சொல்கட்டு, அதாவது 'தகதிமி' மாதிரி வாயால் சொல்லும் தாளச் சொற்கள். ஒரே இசையை நாலு விதமாக எழுதியாக வேண்டும்.

இங்கே ஒரு சங்கதியைச் சொல்லியே ஆக வேண்டும், நான் பார்த்த எந்த வழிகாட்டியிலும் இது இல்லை. மேற்கத்திய மென்பொருள் பலவற்றில் சுரம் என்றால் ஓர் எண், கீபோர்டில் எத்தனையாவது கட்டை என்பதுதான். நமக்கோ 12 இடத்தில் 16 பெயர். ஷட்ஜத்திலிருந்து, அதாவது 'ச'விலிருந்து, மூன்றாவது அரைச்சுரம் கரகரப்பிரியா ராகத்தில் சாதாரண காந்தாரம் (க), நாட்டை ராகத்தில் ஷட்ஸ்ருதி ரிஷபம் (ரி). எண்ணை மட்டும் வைத்துக்கொண்டால் கணினிக்கு இது 'க'வா 'ரி'யா என்று தெரியாது. ஸ்டாஃபிலும் இதே சிக்கல்தான். இரண்டு கட்டையில், அதாவது டி-யில் ஷட்ஜம் வைத்து நாட்டை வாசித்தால், அந்தச் சுரத்தை ஈ ஷார்ப் என்று எழுதி அடுத்ததை எஃப் ஷார்ப் என்று எழுதினால் கண் ஒவ்வொரு படியாக ஏறும். எஃப், எஃப் ஷார்ப் என்று எழுதினால் ஒரே இடத்தில் இரண்டு சுரம் முட்டிக்கொண்டு நிற்கும், பார்த்தவுடன் வாசிக்கிறவர் தடுமாறுவார். ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும், உள்ளே சுரத்தின் பெயரையும் ராகத்தையும் வைத்துக்கொண்டு, எண்ணைக் கடைசியில்தான் கணக்கிட வேண்டும். அப்படிச் செய்தால் பி ஃபிளாட் கிளாரினெட்டுக்கு ஒரு முழுச்சுரம் ஏற்றி, டி-யை ஈ என்று எழுதிக் கொடுப்பதெல்லாம் ஒரு வரி வேலை.

சரி, வழிகளுக்கு வருவோம்.

முதலில் லில்லிபாண்டு. ஹான்-வென் நீன்ஹெய்ஸ், யான் நியூவன்ஹெய்ஸன் என்ற இரண்டு டச்சுக்காரர்கள் 1996-இல் தொடங்கிய இலவச மென்பொருள். சுரங்களை எழுத்தாகத் தட்டிக் கொடுத்தால் பழைய அச்சுத் தட்டில் செதுக்கினது போன்ற ஸ்டாஃப் பக்கத்தைத் தரும். அதன் அழகுக்கு ஈடு வேறு இல்லை என்பேன். ஆனால் அது முழுப் பக்கத்தையும் அளந்து, இடம் பிரித்து, பிறகு கோப்பாகத் தரும் வகை. மேடையில் உடனுக்குடன் தருவதற்காகச் செய்ததல்ல. என் பழைய லேப்டாப்பில் ஏழு பேர் வரியும் முடிவதற்குள் ஆவர்த்தனம் தாண்டிவிட்டது. அதற்காகத் தள்ளிவிட வேண்டாம். கச்சேரிக்கு முந்தின இரவு கணினி புதிதாக ஒரு பாட்டைப் பின்னி, லில்லிபாண்டு அதை அச்சடித்துத் தர, குழு காலையில் ஒரு முறை பார்த்துவிட்டு மாலையில் வாசிக்கலாம். வைஃபை வேண்டாம், திரை வேண்டாம். பாடகர் குழு வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அடுத்தது மேக்ஸ். 1980-களில் பாரிஸின் இர்காம் இசை ஆய்வு நிலையத்தில் மில்லர் பக்கெட் எழுதியதிலிருந்து வளர்ந்தது, பெட்டிகளைக் கம்பியால் இணைப்பது போல நிரல் எழுதலாம். அதோடு சேர்த்துக்கொள்ள பாக் என்று ஒரு தொகுப்பு இருக்கிறது, ஆண்ட்ரேயா அகோஸ்தீனி, டானியேலே கீசி இருவரும் செய்தது. இசை எழுதுகிறவருக்கு இது ஒரு பொக்கிஷம். அதில் இரண்டு விதமான தாள் உண்டு. ஒன்றில் தாளக்கட்டு இல்லாமல் காலம் மில்லிவிநாடியில் ஓடும், ஆலாபனை மாதிரி. இன்னொன்றில் கட்டம் கட்டமாகத் தாளத்தோடு நிற்கும். சுரத்தை அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு வரை நுணுக்கிச் சொல்லலாம், ஆகவே சுருதி நுட்பம் பேசுகிறவர்களுக்கு இடம் இருக்கிறது. நாம் கீபோர்டில் வாசிப்பதை அப்போதே குறிப்பாக எழுதிக்காட்டும் வசதியும் உண்டு. மேக்ஸ்ஸ்கோர் என்று இன்னொரு தொகுப்பும் இருக்கிறது, நிக் டிட்கோவ்ஸ்கி, ஹாம்பர்க்கின் கியோர்க் ஹைடு இருவரும் செய்தது. வலையில் இணைந்த வாசிப்பாளர்களுக்கு ஒரே நேரத்தில் குறிப்பு அனுப்புவதில் ஹைடு நீண்ட காலம் உழைத்தவர்.

மேக்ஸில் எனக்கு இடித்தது இரண்டு இடம். அது விலைக்கு விற்பது, முழு உரிமம் வாங்கச் சில நூறு டாலர் ஆகும். மாணவர்களுக்குச் சலுகை உண்டு, இருந்தாலும் இங்கே ஒரு பாட்டு டீச்சர் கையிலிருந்து போடுகிற காசு இல்லை அது. அப்புறம், விண்டோஸிலும் மேக்கிலும் மட்டும்தான் ஓடும், லினக்ஸில் ஓடாது. எழுதுகிறவர் ஒருவர், கூடவே ஸ்டாஃப் படிக்கிற மூன்று நாலு பேர் என்றால் இதைவிட நல்ல இடம் கிடையாது. ஏழு பேரில் மூன்று பேருக்குச் சரிகமதான் வேண்டும் என்கிறபோது, பாக்கின் அழகான தாளில் பாதி நமக்குப் பயன்படாமல் போகிறது.

மூன்றாவது வழி, ப்யூர் டேட்டாவும் ஐஎன்ஸ்கோரும் சேர்ந்தது. ப்யூர் டேட்டாவும் மில்லர் பக்கெட் செய்ததுதான், 1996-இல் இலவசமாகத் தந்தார். மேக்ஸின் கூடப் பிறந்தது போல இருக்கும். பழைய கணினியிலும் ராஸ்பெரி பை மாதிரிச் சின்னப் பலகையிலும்கூட ஓடும். ஐஎன்ஸ்கோர் பிரான்ஸின் லியோன் நகரில் உள்ள கிராம் நிலையத்தில் டொமினிக் ஃபோபர் உருவாக்கியது, இதுவும் இலவசம். இதன் குணம் எனக்கு மிகவும் பிடித்தது. அது தானாக எதுவும் எழுதாது. 'இந்த இடத்தில் இந்த வரியை வை, அதன் மேல் இந்தப் படத்தை வை, இந்தக் கோட்டை இந்த வேகத்தில் நகர்த்து' என்று செய்தி வந்தால் அப்படியே செய்யும். செய்தி போகிற மொழி ஓஎஸ்சி, 1997-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் மேட் ரைட்டும் ஏட்ரியன் ஃப்ரீடும் வகுத்தது. ஐஎன்ஸ்கோர் இயல்பாக 7000 என்ற போர்ட்டில் காது வைத்துக்கொண்டிருக்கும். ஸ்டாஃப், எழுத்து, படம், அலைவடிவம் எல்லாம் ஒரே திரையில் சமமாக நிற்கும், எதையும் காலத்தோடு பிணைக்கலாம்.

இந்த மாவட்டத்தில் ஒரு கல்லூரியோ பள்ளியோ தன் பழைய கணினி அறையை வைத்து இதைத் தொடங்க நினைத்தால் இந்த ஜோடியைத்தான் சொல்வேன். காசு வேண்டாம், பொறுமை வேண்டும். கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு மாதம் ஆனது, அந்த இரண்டு மாதமும் வீண் போகவில்லை. குறிப்பு என்பது வெறும் படம் இல்லை, காலத்தோடு ஒட்டிய ஒரு பொருள் என்று எனக்கு உறைத்தது இதை வைத்து விளையாடியபோதுதான். ஆனால் ஏழு பேருக்கு ஏழு திரை என்றால் ஏழு கருவியிலும் அதை நிறுவி, ஒவ்வொன்றின் முகவரியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஞாயிறு மாலை ஆட்கள் வந்து இறங்கி, காபி குடித்து, வாசிக்க உட்காரும் அந்த அரை மணி நேரத்தில் என்னால் அது முடியவில்லை.

நாலாவது, டெசிபல் ஸ்கோர்பிளேயர். ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் கேட் ஹோப்பும் அவர் நண்பர்களும் 2009-இல் தொடங்கிய டெசிபல் என்ற குழு, தங்கள் சொந்தத் தேவைக்காகச் செய்த ஐபேட் செயலி. கோடுகளும் வண்ணங்களுமாக வரைந்த நீளமான படம் வலமிருந்து இடமாக நகரும், திரையில் ஒரு கோடு நிலையாக நிற்கும், படம் அந்தக் கோட்டைத் தொடும்போது வாசிக்க வேண்டும். எல்லா ஐபேடும் ஒன்றாக நகரும். சுரமும் தாளமும் துல்லியமாக வேண்டாத, ஒலியின் நிறம் மெல்ல மாறுகிற இசைக்கு இது அருமை. எங்கள் இசை கணக்கில் நிற்பது. அதோடு ஏழு ஐபேட் என்ற பேச்சே எங்கள் மாடியில் எழ முடியாது. ஆகவே இதை இத்தோடு விடுகிறேன்.

ஐந்தாவது வழிதான் நாங்கள் நின்ற இடம்: பிரவுசர். லேப்டாப்பில் ஒரு சின்ன சர்வர், ஒவ்வொருவர் கையிலும் அவரவர் போன், போனில் ஏற்கெனவே இருக்கிற பிரவுசர். நிறுவ எதுவும் இல்லை. முகவரியைத் தட்டி, 'செல்லோ' அல்லது 'குரல்' என்று தன் பெயரைத் தொட்டால் முடிந்தது. ஸ்டாஃப் வரைய வெக்ஸ்ஃப்ளோ என்ற இலவச ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பு இருக்கிறது. அதில் சுரத்தைப் பெயர் சொல்லியே கேட்கலாம், ஈ ஷார்ப் என்றால் ஈ ஷார்ப்தான் வரும். எல்லாவற்றையும் நாமே எழுத வேண்டாம் என்றால் ஹாம்பர்க்கில் ராமா காட்ஃப்ரீடும் ஹைடுவும் செய்த டிராசாக்கெட் இருக்கிறது. ஓஎஸ்சி செய்தியை வாங்கி எத்தனை பிரவுசருக்கு வேண்டுமானாலும் படமாக அனுப்பும். 2019-இல் ஹாம்பர்க்கில் எல்பே ஆற்றுக்கு அடியில் போகும் பழைய சுரங்கப்பாதையில் 144 பேர் வரிசையாக நின்று வாசித்த நிகழ்ச்சிக்காக அதைச் செய்தார்கள். ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியாத அந்த நீளத்தில் திரைதான் எல்லாரையும் சேர்த்துப் பிடித்தது. 144 பேருக்குத் தாங்கியது ஏழு பேருக்குத் தாங்கும் என்ற தைரியம் எனக்கு அதைப் படித்தபோது வந்தது.

பிரவுசரைத் தேர்ந்ததற்கு முதல் காரணம் காசு இல்லை, தமிழ். பிரவுசருக்குத் தமிழ் எழுத்து அந்நியம் இல்லை. ஸ்டாஃப் வரைந்த அதே பக்கத்தில் சரிகமவும் நிற்கும், அட்சரத்துக்கு அட்சரம் நேராக. சில நாள் இரண்டையும் மேலும் கீழுமாக ஒரே திரையில் காட்டினேன். செல்லோக்காரப் பெண் சரிகம படிக்கத் தொடங்கியது அப்படித்தான், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பாட்டு டீச்சர் இப்போது ஸ்டாஃபில் சுரம் ஏறுவதையும் இறங்குவதையும் கண்ணாலேயே பிடிக்கிறார். ஒரு வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் இதுதான்.

சரிகமவைத் திரையில் எழுதுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. தாரஸ்தாயி (மேல் ஸ்தாயி) என்றால் எழுத்துக்கு மேலே புள்ளி, மந்திரஸ்தாயி (கீழ் ஸ்தாயி) என்றால் கீழே புள்ளி. தமிழில் எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால் அது மெய்யெழுத்து. 'ச' மேல் புள்ளி வைத்தால் 'ச்' ஆகிவிடும். அச்சுப் புத்தகத்தில் கண் அதைப் பழகிக்கொண்டது. ஆனால் கணினியில் 'ரி' மேலும் 'நி' மேலும் புள்ளியைத் தட்டினால் ஒட்டாமல் ஒரு புள்ளிவட்டம் தனியாக வந்து உட்காரும். எழுத்தாகத் தட்டாமல், ஒரு சிறு வட்டத்தை எழுத்துக்கு மேலே தனியாக வரைந்துவிடுவதுதான் வழி. இரண்டாம் காலத்துக்கு, அதாவது இரட்டை வேகத்துக்கு, மேலே ஒரு கோடு, மூன்றாம் காலத்துக்கு இரண்டு கோடு, இவற்றையும் அப்படியே வரைகிறேன். நீட்டலுக்குக் காற்புள்ளியும் அரைப்புள்ளியும் வழக்கம் போல.

கமகம், அதாவது சுரத்தை அசைத்தும் வளைத்தும் பாடுவது, என்ன ஆகும் என்று கேட்பீர்கள். இந்தக் கேள்வி கணினிக்கு முந்தினது. 1893-இல் சென்னையில் சின்னசாமி முதலியார் நம் கீர்த்தனைகளை ஸ்டாஃபில் அச்சிட்டபோதே இருந்தது. 1904-இல் எட்டயபுரத்து சுப்பராம தீட்சிதர் தன் பெரிய தொகுப்பில் சுர எழுத்துக்கு மேலே ஒவ்வொரு கமகத்துக்கும் ஒரு குறி வைத்தார். நான் அவர் வழியைப் பார்த்து நாலே நாலு குறிகளை வைத்துக்கொண்டேன், அதுவும் சரிகம படிக்கிறவர் திரையில் மட்டும். பார்த்தவுடன் வாசிக்க வேண்டிய வரியில் அதற்கு மேல் கண் ஏற்காது. அசைவை ராகத்திடமும் வாசிப்பவரிடமும் விட்டுவிடுகிறேன்.

எதிர்த்திசையில், அதாவது வாசிப்பதைக் கேட்டுக் கணினியே குறிப்பு எழுதுவதில், கமகம்தான் பெரிய மதில். தோடி ராகத்தின் காந்தாரம் (க) ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையில் ஆடிக்கொண்டிருக்கும். ஒலியின் உயரத்தை மட்டும் அளக்கிற கருவிக்கு அது 'ரி ம ரி ம' என்று கேட்கும், 'க' என்று கேட்காது. மைக் வைத்து முயன்று பார்த்துவிட்டு, அதனால்தான் நானே காதால் கேட்டுக் கீபோர்டில் தட்டுகிறேன். கீபோர்டில் வாசித்து இசையமைக்கிற மேற்கத்திய வழிக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை. அவர்கள் தாளக்கருவியோடு வாசித்தால் பாக் மிக நன்றாக எழுதித் தரும்.

பிரவுசர் வழியில் இரண்டு மூன்று அடி வாங்கியிருக்கிறோம், அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் பொதுநிகழ்ச்சியில் பாதிப் பாட்டில் மூன்று பேர் திரை அப்படியே நின்றுவிட்டது. எங்கள் ரவுட்டரில் இணையம் கிடையாது, லேப்டாப்பும் போன்களும் பேசிக்கொள்வதற்காக மட்டும் வைத்தது. 'இந்த வைஃபையில் இணையம் இல்லை' என்று போன் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிட்டது. இப்போது எல்லாரும் ஏரோப்பிளேன் மோடைப் போட்டுவிட்டு வைஃபையை மட்டும் திறக்கிறோம். யாருக்கும் நடுவில் அழைப்பும் வராது. இன்னொன்று, திரை அணைவது. திரை அணையாமல் பிடித்துக்கொள்ளும் வசதியைப் பிரவுசர்கள் பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் இணைப்பில் மட்டும்தான் தருகின்றன, மாடியில் ஓடுகிற சின்ன சர்வருக்கு அது இருக்காது. போன் அமைப்பில் போய்த் திரை நேரத்தை அரை மணியாக மாற்றிவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது எங்கள் தெருவில் கரண்ட் போய், போன்களில் சார்ஜ் இல்லாமல் கிடந்தோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு பாட்டுக்கும் லில்லிபாண்டில் அச்சடித்த ஒரு தாள் கட்டை உறையில் போட்டு வைத்திருக்கிறேன். கணினி எழுதியதில் நன்றாக வந்த ஆவர்த்தனங்களின் சேமிப்பு அது. திரை போனால் அதிலிருந்து வாசிக்கலாம்.

வாசிக்கும் இடத்தைக் காட்டிக்கொண்டு ஓடும் கோடு வேண்டுமா என்பதில் எங்களுக்குள் விவாதம் நடந்தது. எல்லாப் போனிலும் ஒரு கோடு ஒன்றாக நகர வேண்டுமென்றால், எல்லாப் போனுக்கும் ஒரே கடிகாரம் வேண்டும். ஒவ்வொரு போனும் சர்வருக்குச் செய்தி அனுப்பி, அது போய்த் திரும்பும் நேரத்தில் பாதியைக் கழித்துத் தன் கடிகாரம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று அறிய வேண்டும். செய்து பார்த்தேன், வேலை செய்தது. பிறகு எடுத்துவிட்டேன். பாட்டு டீச்சர் கையில் தாளம் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருக்கும்போது, எல்லாரும் அந்தக் கையைப் பார்ப்பதே நல்லது. இப்போது திரையில் சமத்தில், அதாவது தாளச் சுற்றின் முதல் தட்டில், வரி மாறும், அவ்வளவுதான். சுரங்கப்பாதையில் நிற்கிற 144 பேருக்கு அந்தக் கோடு தேவை, ஒரு பாயில் உட்கார்ந்திருக்கிற ஏழு பேருக்கு இல்லை.

மிருதங்கத் திரை கடைசியாகத்தான் சரியானது. எட்டு அட்சரம், அட்சரத்துக்கு நாலாக 32 மாத்திரை. பத்து, இடைவெளி ஒன்று, பத்து, இடைவெளி ஒன்று, பத்து என்று கோர்வை வந்தால் 32-இல் சமத்துக்குச் சேரும். அதை நான் 'தகதகிட தகதகிட' என்றெல்லாம் விரித்துத் திரையில் நிரப்பிக் காட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் ரெண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, எண்ணை மட்டும் போடு. சொல்லை நான் பார்த்துக்குறேன்" என்றார். இப்போது அவர் திரையில் பெரிய எழுத்தில் ஐந்து எண்கள்தான்: 10, 1, 10, 1, 10. எட்டு விநாடி அவருக்கு அதிகம், நாலு போதும் என்கிறார்.

பாடகர் குழு வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். குறிப்பே படிக்காத குரல்கள் இருந்தால், ஜோனதன் பெல் இர்காமோடு சேர்ந்து செய்த ஸ்மார்ட்வாக்ஸைத் தேடிப் பாருங்கள். போனிலேயே பாடகருக்கு வரியும் தெரியும், காதில் அவர் பாட வேண்டிய சுரமும் கேட்கும். எங்கள் கோயில் பாடகருக்கு அந்த யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டு, வரி மாறும்போது முதல் சுரத்தை ஒரு காதில் மெல்லக் கொடுக்கிறேன். எடுப்பு பிசகுவது அதோடு நின்றது.

இனி புதிதாகத் தொடங்குகிறவர் முதல் இரண்டு வாரம் எதையும் நிறுவ வேண்டாம். இரண்டு சிலேட்டுப் பலகை வாங்குங்கள். தாளம் ஓடட்டும், நீங்கள் அடுத்த ஆவர்த்தனத்தை ஒரு பலகையில் எழுதித் தூக்கிக் காட்டுங்கள், அவர்கள் வாசிக்கும்போது மற்றதில் அதற்கடுத்ததை எழுதுங்கள். எப்போது காட்டினால் வாசிக்கிறார்கள், எப்போது காட்டினால் தவறுகிறார்கள் என்று விநாடியைக் குறித்துக்கொள்ளுங்கள். யார் எந்த எழுத்தைக் கேட்கிறார்கள் என்பதும் அப்போதே தெரிந்துவிடும். எங்கள் ஆட்களில் மெதுவானவருக்கு 8 விநாடி, வேகமானவருக்கு 4. சர்வரில் ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் அந்த எண்ணைத்தான் முதலில் எழுதி வைத்தேன்.